பைபோலார் உள்ள குடும்பத்தின் வரலாற்றை மருத்துவருக்காக எழுதும் முறை

வீட்டில் ஒருவருக்குப் பைபோலார் எனப்படும், மனம் சில காலம் கட்டுமீறிய எழுச்சிக்கும் சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் இருமுனைக் கோளாறு இருப்பதாக மனநல மருத்துவர் சொன்னதும், 'பிள்ளைகளுக்கும் வருமா, மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா' என்றே பலரும் கேட்கிறார்கள். இந்நோயை உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவச் சமூகத்தினரை ஆராய்ந்தவர்கள், மரபணுக்களைத் தாங்கும் இழைகளுள் ஒன்றான 11ஆம் குரோமோசோமில் இதற்கான மரபணு இருப்பதாக 1987இல் அறிவித்தார்கள்; அதே குடும்பத்தினரை மேலும் ஆராய்ந்தபோது, 1989இல் அந்த முடிவு நிற்கவில்லை. மிகச் சிறிய அளவில் பங்களிக்கும் எண்ணற்ற மரபணு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்தே நோய்க்கு இடம் கொடுக்கின்றன. ஆகவே பரிசோதனைக்குச் செலவிடுவதை விட, மூன்று தலைமுறையின் வரலாற்றை ஒரு தாளில் வரைந்து எடுத்துச் செல்வதே மருத்துவருக்கு மெய்யாகப் பயன்படும்.

ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் வரையுங்கள். இறந்தவர்மீது ஒரு சாய்கோடு போதும். அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே மணம் நடந்திருந்தால், அந்தத் தம்பதியை இரட்டைக் கோட்டால் இணையுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டும் இடம்பெற வேண்டும்.

கடினமான வேலை, பெரியவர்களிடம் கேட்பதுதான். 'நம் வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா' என்று பாட்டியிடம் கேட்டால், 'நம் வம்சத்திலேயே கிடையாது' என்றுதான் சொல்வார். 'சின்னத் தாத்தா ஏன் நிலத்தை விற்றார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதை ஏன் கேட்கிறாய், பத்து நாள் கண்ணே மூடவில்லை, விடிய விடியப் பேசினார், வந்தவர் போனவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார், பிறகு ஆறு மாதம் திண்ணையை விட்டு இறங்கவில்லை' என்று தொடங்கிவிடுவார். தூங்காமலும் களைக்காத உடல், ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, பின்னாலேயே வந்த நீண்ட சோர்வு ஆகிய எல்லாம் அந்த ஒரே பதிலில் இருக்கின்றன. அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். நீங்களாக நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். 'நரம்புத் தளர்ச்சி', 'காத்துக் கருப்பு', 'கோயிலில் கொண்டுபோய் வைத்திருந்தோம்' என்பவற்றையும் விடாதீர்கள். எந்த வயதில் தொடங்கியது, பிரசவத்தை ஒட்டி வந்ததா, தற்கொலை நேர்ந்ததா என்பதையும் மென்மையாகக் கேட்டுக் குறியுங்கள்.

தாள் நிறைந்ததும் அச்சம் எழுவது இயல்பே. பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் இந்நோய், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. அதாவது தொண்ணூறு பேருக்குக் குறையாமல் தப்பிவிடுகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலும் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. இத்தாளைக் காட்டி 'உன் வழியில் வந்தது' என்று மருமகளைக் குற்றம் சாட்டுவது அறிவியலுக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது.

உறவினர் எவருக்கேனும் இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்னும் மருந்து நன்கு வேலை செய்திருந்தால், மாத்திரையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அம்மருந்தால் நலம் பெறும் தன்மை சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. மனச்சோர்வு என்று மட்டும் சொல்லி மருத்துவரிடம் செல்லும் இளைஞரும் இத்தாளைக் காட்ட வேண்டும். சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனம் எல்லைமீறி எழும்பிவிடும் என்பதால் மருத்துவர் கவனமாக இருப்பார். கருவுற்ற மகள் இருந்தால், மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்து, பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, அவள் எப்போது தூங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.