தபாலில் வரும் கொலை வழக்கை வீட்டில் விளையாடுவது எப்படி

துப்பறியும் பெட்டி என்பது ஒரு விளையாட்டு: கற்பனைக் கொலை வழக்கு ஒன்றின் கடிதங்கள், ரசீதுகள், வாக்குமூலங்கள் எல்லாம் தபாலில் வரும், குற்றவாளியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் பாய்வது சங்கேத எழுத்துகள் மேல்தான். விசித்திரமான குறிகள் உள்ள தாள் ஒன்று இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் குற்றவாளி மாட்டுவது அங்கே இல்லை. இரண்டு சாதாரணத் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் மாட்டுவார். ஒரு பார்க்கிங் ரசீது, ஒரு வாக்குமூலம். இரண்டில் ஒன்று பொய். அந்த இடத்தைத் தேடி எடுப்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். குளிர்காலத்தில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், வெளியே போக மனம் வராது. அப்படித்தான் இந்தப் பெட்டிகள் எங்கள் வீட்டுக்குள் வந்தன. ஹன்ட் எ கில்லர் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். 2016-ல் அமெரிக்காவில் நேரடி நிகழ்ச்சியாகத் தொடங்கி, அப்புறம் பெட்டிகளாக வீடு தேடி வந்தது. சந்தா கட்டினால் ஒரே வழக்கு ஆறு பாகங்களாகப் பிரிந்து, மாதம் ஒரு பெட்டியாக வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேள்வி உண்டு: யாரை விலக்கலாம், எந்த ஆயுதம், என்ன காரணம். ஒரே உட்காரலில் முடியும் ஒற்றைப் பெட்டி வழக்குகளும் கிடைக்கின்றன. முதல்முறை விளையாடுபவர்கள் ஒற்றைப் பெட்டியில் தொடங்குங்கள். ஆறு மாத வழக்கு அருமையானது, ஆனால் முதல் மாதம் படித்த பெயர்கள் மூன்றாம் மாதமும் நினைவில் இருக்க வேண்டுமே.

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. அதற்கு மேல் போனால் ஒருவர் கையில் தாள், மற்றவர் கையில் போன் என்று ஆகிவிடும். பெட்டிமேல் போட்டிருக்கும் வயதைப் பாருங்கள். கொலை, போதை, துரோகம் எல்லாம் வரும். பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் புதையல் தேடும் வகையை வாங்குங்கள்.

பெட்டி வந்த அன்று எதையும் தீர்க்காதீர்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். ஒட்டி மூடிய சிறு உறைகள் இருந்தால் தொட வேண்டாம். ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் போனில் படமெடுங்கள். வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தையும் விடாதீர்கள். உறைகளையும் அப்படியே. தபால் தலை, முத்திரைத் தேதி, அனுப்பியவர் முகவரி எல்லாமே தடயமாக இருக்கலாம். பிறகு ஒரு நோட்டில் வரிசை எண் போட்டுப் பட்டியல் எழுதுங்கள். தாள்மேல் பேனா படக்கூடாது, எண்ணை ஸ்டிக்கி நோட்டில் எழுதி ஒட்டினால் போதும். கிறுக்கிப் பார்க்க வேண்டிய தாளுக்கு மட்டும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாசிப்பு. ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவருக்குத் தெரியாமலே போகும். உரக்க வாசிக்கும்போது, "இந்த ஆள் ஊரில் இல்லை என்று கடிதத்தில் வந்ததே" என்று யாராவது நிறுத்துவார்கள். அதுதான் வேண்டும்.

வாசிக்கும்போதே ஒருவர் காலவரிசை எழுதட்டும். நான் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி நீளமாக்கி, நடைவழிச் சுவரில் மாட்டிவிடுவேன். சினிமாவில் வருவதுபோல் சிவப்பு நூல் கட்ட வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எது முன், எது பின் என்று நூல் சொல்லாது. ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்கட்டும்: நேரம், என்ன நடந்தது, இதைச் சொன்னது யார். மூன்றாவதுதான் உயிர். "எட்டு மணிக்கு வீட்டில் இருந்தார்" என்று எழுதினால் அது உண்மைபோல் ஆகிவிடும். "எட்டு மணிக்கு வீட்டில் இருந்ததாக அவர் மனைவி சொல்கிறார்" என்று எழுதினால் கேள்வியாகவே நிற்கும். கடை ரசீது, தொலைபேசிப் பட்டியல், பயணச்சீட்டு போன்றவற்றை ஒரு நிறத்திலும், மனிதர்கள் சொன்னதை வேறு நிறத்திலும் எழுதுங்கள். நிறங்கள் மோதும் இடத்தில் உட்காருங்கள்.

தேதிகளைச் சரிபார்ப்பதில் எனக்குத் தனி ஆசை. கடிதத்தில் "அக்டோபர் 15, 2019, வியாழன்" என்று இருந்தால் நாட்காட்டியைப் பாருங்கள், அது செவ்வாய். அச்சுப் பிழையாகவும் இருக்கலாம், எழுதியவர் பின்னால் புனைந்ததாகவும் இருக்கலாம். குறித்து வையுங்கள். சிகாகோ மணி நியூயார்க் மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு இங்கே பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரம் ஒரு மணிக்குத் திரும்பும். அந்த இரவில் ஒன்றரை மணி இரண்டு முறை வரும். கொலை நடந்த தேதி அதுவானால் "ஒன்றரைக்கு நான் பாரில் இருந்தேன்" என்ற பேச்சுக்கு மதிப்பே இல்லை.

கையெழுத்துக்கு என் அப்பா சொன்ன வழி இருக்கிறது. அவர் வங்கியில் காசாளராக இருந்தவர், இங்கே வந்திருந்தபோது எங்களோடு உட்கார்ந்தார். இரண்டு கையெழுத்தை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்க்கச் சொன்னார். நேராக இருந்தால் கண் பெயரைப் படிக்கும், திருப்பினால் கோட்டைப் பார்க்கும். மிரட்டல் கடிதத்தையும் மளிகைப் பட்டியலையும் அப்படி வைத்ததும், இரண்டையும் எழுதியது ஒரே கை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

சரி, சங்கேதங்களுக்கு வருவோம். திரும்பத் திரும்ப வருபவை சிலதான். எழுத்தைத் தள்ளி எழுதும் சீசர் முறையில் ஏ-க்குப் பதில் டி, பி-க்குப் பதில் ஈ என்று வரும். ஆங்கிலத்துக்கு 25 நகர்த்தல்தான் சாத்தியம், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே போதும். கட்டங்களும் புள்ளிகளும் கலந்திருந்தால் அது பிக்பென் (pigpen), எழுத்துக்குப் பதில் அது இருக்கும் கட்டத்தின் கோடுகளை வரையும் முறை. மூன்று மூன்று எண்களாக வந்தால் பக்கம், வரி, சொல்லாக இருக்கலாம், பெட்டியில் ஒரு சிறு புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் வேறொரு எழுத்து என்று மாற்றியிருந்தால் தனியாக நிற்கும் ஓரெழுத்துச் சொல்லில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் அது அநேகமாக ஏ அல்லது ஐ. அடிக்கடி வரும் குறி ஈ-யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதெல்லாம் சரிவராமல், ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறாகத் தெரிந்தால் விஜினெர் முறையாக இருக்கலாம். அதற்குத் திறவுச்சொல் வேண்டும். மூளையைக் கசக்காதீர்கள், அது வேறொரு தாளில் இருக்கும். நாயின் பெயர், படகின் பெயர், கல்லறை வாசகம்.

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. விளக்கை அணைத்துவிட்டு, எல்லாத் தாள்மேலும் அதன் ஒளியைக் காட்டி மறைந்த எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். மறைந்த எழுத்து வரும் என்று தாளைச் சூடுபடுத்த மட்டும் வேண்டாம், விளையாட்டு சொன்னாலொழிய. ரசீது தெர்மல் தாளில் அச்சாகியிருந்தால் இஸ்திரிப் பெட்டி பட்டதும் முழுக்கக் கறுத்துவிடும்.

இணையத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சங்கேத முறையைத் தேடலாம், ஊரைத் தேடலாம், வழக்கின் பெயரை மட்டும் தேடக்கூடாது. முடிவு முதல் வரியிலேயே வந்து நிற்கும். எந்தத் தளத்துக்குப் போக வேண்டும், எந்த மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும் என்பதைப் பெட்டியே சொல்லும்.

தடுக்கி நின்றால் உடனே விளையாட்டு தரும் உதவிக் குறிப்பைத் தேடாதீர்கள். இரவு தூங்கிவிட்டு, மறுநாள் சுவரைப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் முதல் குறிப்பு மட்டும். அடுத்த பெட்டிக்காகக் காத்திருக்கும் அந்த வாரங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். பாத்திரம் கழுவும்போது என் மகள் ஓடிவந்து, "அம்மா, தோட்டக்காரர் சாவி பற்றிப் பேசவே இல்லை" என்பாள். மேசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அது வந்திருக்காது.

விடை உறையைத் திறக்கும் முன் ஆளுக்கொரு சீட்டு எழுதுங்கள். கொலை செய்தவர், காரணம், அதைக் காட்டும் தாள்களின் எண். எண் எழுதாத சீட்டை நான் ஏற்றுக்கொள்வதில்லை. சரியான பெயர் எழுதியிருந்தாலும் அது ஊகம்தான். 1936-ல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு குற்றக்கோப்பில் தந்தி, புகைப்படம், நிஜ முடி, தீக்குச்சி எல்லாம் ஒட்டி, முடிவை மூடி முத்திரையிட்டுக் கொடுத்திருந்தார்கள். அன்று படித்தவர்களும் இப்படித்தான் பெயரை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிரித்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

முடிந்ததும் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, விடையைப் புதிய உறையில் ஒட்டி, உங்கள் ஸ்டிக்கி நோட்டுகளை எடுத்துவிட்டு இன்னொரு குடும்பத்துக்குக் கொடுங்கள். பட்டியலின் ஒரு நகலும் உள்ளே இருக்கட்டும், அவர்களும் எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் சீட்டுகளை மட்டும் அனுப்பாதீர்கள்.