முதல் டப்பாவைத் தேடிப் போகிறீர்களா?

"மாமாவும் நானும் கேஷ் தேடப் போகிறோம்" என்றாள் அக்கா மகள். அக்கா காசு என்று நினைத்துக்கொண்டாள். யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு தேடும் விளையாட்டு, ஜியோகேஷிங், என்று விளக்கியதும் "வெயிலில் இது தேவைதானா?" என்றாள்.

2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த வழக்கத்தை அமெரிக்க அரசு கைவிட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். விளையாட்டு அங்கிருந்து வளர்ந்தது.

கைபேசியில் ஜியோகேஷிங் செயலியை இறக்கி, இலவசக் கணக்கு தொடங்குங்கள். முதல் நாளுக்கு அது போதும். ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என ஒன்று முதல் ஐந்து வரை இரு மதிப்பெண்கள் உண்டு. இரண்டும் ஒன்றரைக்குள் இருப்பதாகப் பாருங்கள். 'மைக்ரோ' அளவை முதலில் தொடாதீர்கள். பழைய பிலிம் சுருள் டப்பா அளவே இருக்கும், பிள்ளைகள் சலித்துப்போவார்கள்.

நாங்கள் போனது சிங்கப்பூரின் சதர்ன் ரிட்ஜஸ் என்ற குன்றுகளை இணைக்கும் நடைபாதைக்கு. ஹார்பர்பிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி மவுண்ட் பேபர் குன்றில் ஏறினால் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம். சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. செயலியின் வரைபடத்தில் டப்பாவின் புள்ளி காலடியிலேயே இருந்தது. டப்பா பாலத்தின் மேலா, கீழா என்று அது சொல்லாது. அரை மணி நேரம் மேலேயே தடவினோம். செயலியில் அந்த டப்பாவுக்கான விவரக் குறிப்பை முழுதாகப் படித்திருந்தால் அந்த அரை மணி மிச்சம்.

பத்து மீட்டருக்குள் வந்ததும் கைபேசியைப் பைக்குள் போடுங்கள். மரக்கிளைகளுக்கு அடியில் அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் சுற்றும். இனிக் கண்தான் வேலை செய்ய வேண்டும். இயற்கைக்குப் பொருந்தாத ஒழுங்கைத் தேடுங்கள்: வரிசையாக அடுக்கிய குச்சிகள், தனியாக நிற்கும் கல். கம்பி வேலியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டிய டப்பா அங்கேதான் பதுங்கும். எங்கள் முதல் டப்பாவை அப்படித்தான் அவள் கண்டுபிடித்தாள். "மாமா, இந்த இரும்பு ஆடுகிறது!"

உள்ளே சுருட்டிய தாளில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பேனா இருக்காது. நான் கொண்டுபோகவில்லை, மெதுவோட்டம் ஓடிவந்த ஒரு பெரியவரிடம் கடன் கேட்டு, எதற்கு என்று சொல்ல முடியாமல் விழித்தேன். விளையாட்டை அறியாதவர்களுக்கு 'மகிள்' என்று பெயர். அவர்கள் பார்க்கும்போது டப்பாவை எடுத்தால் மறுநாள் அது அங்கே இருக்காது. டப்பாவுக்குள் பொம்மை இருந்து, அதை எடுத்தால் ஈடான ஒன்றை வையுங்கள். தின்பண்டம் வேண்டவே வேண்டாம், எறும்பு வரும். எடுத்த இடத்திலேயே, எடுத்த விதமாகவே மறைத்து வையுங்கள்.

மூன்றாவது டப்பா எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதையும் செயலியில் பதிவிட்டோம். ஒளித்தவர் போய்ப் பார்த்துவிட்டுப் புது டப்பா வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம், இரண்டு பேனாக்களோடு.