கண்மாய் வற்றுவதற்குள் ஒரு ராத்திரி: கேனோவும் தூண்டிலுமாகக் கிளம்புகிறவர்களுக்கு

மாசி பிறந்தால் போதும், சென்னையில் இருக்கும் என் மச்சானிடமிருந்து போன் வந்துவிடும். "மாப்ளே, கண்மாயில தண்ணி எம்புட்டுக் கெடக்கு?" நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்தான். அவன் கேட்பதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது, ஒரு ஜோடிச் செருப்பும் போனது. சீசன் முடிகிற நேரத்தில் சின்னப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஒரு ராத்திரி தங்கி மீன்பிடித்து வர நினைக்கிறவர்கள், தூண்டிலையும் சாப்பாட்டையும் யோசிப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே நிற்கிறது, அது யார் பொறுப்பில் இருக்கிறது என்ற இரண்டையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில் எப்போது போவது என்பது. நம் காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள், ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. நன்றாகப் பெய்த வருஷம் மார்கழிவாக்கில் கலுங்கு என்கிற உபரிநீர் வழியைத் தாண்டி மறுகால் போகும். அப்போது மீன் கண்மாய் முழுக்கப் பரவிக் கிடக்கும், தண்ணீர் வரும் வரத்துக்கால் வழியே மேலேகூட ஏறியிருக்கும், நாள் முழுக்கத் துடுப்புப் போட்டாலும் கை வலிதான் மிச்சம். தையில் அறுப்பு முடிந்து தண்ணீர் இறங்க இறங்க மீனும் ஒடுங்கும். என் கணக்கில் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் 20 வாக்கில் வரைக்கும் நல்ல நேரம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் தண்ணீர் சுட ஆரம்பித்துவிடும், விடியற்காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும், இரையைத் திரும்பியும் பார்க்காது. தேதி குறிக்கும்போது மாசிச் சிவராத்திரியைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குப் பாதி ஜனம் குலதெய்வம் கோயிலில் இருக்கும், அந்த அய்யனார் கோயில்களில் பல கண்மாய்க் கரையில்தான் இருக்கின்றன. மாசி மகத்தன்று சிங்கம்புணரிப் பக்கத்து அரளிப்பாறையில் மஞ்சுவிரட்டு. அந்த வட்டாரத்தில் அன்று பொட்டலில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை, பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாட்டுக்கு உங்கள் கூடாரம் எது, வைக்கோல் போர் எது என்று வித்தியாசம் தெரியாது.

சரி, தண்ணீர். கண்மாய் என்பது தட்டு மாதிரி நடுவில் குழிந்து இருக்காது. கரையை ஒட்டி, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு அருகில்தான் ஆழம். கரைக்கு எதிர்ப்பக்கம், அதாவது உள்வாயில், தண்ணீர் மெல்ல மெல்லச் சரிந்து முழங்கால், கணுக்கால், சேறு, வெடித்த தரை என்று போய் முடியும். கார்த்திகையில் நீங்கள் பார்த்த கண்மாய் வேறு, மாசிக் கடைசியில் பார்க்கப்போவது வேறு. இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் வருஷம் மச்சான் கேட்டபோது "கெடக்கு, கெடக்கு" என்று நினைவில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். உள்வாய்ப் பக்கம் வண்டிப்பாதை நன்றாக இருந்ததால் அங்கேயே இறக்கினோம். தூரத்திலிருந்து பார்த்தால் மினுமினுவென்று தண்ணீர், பக்கத்தில் போனால் நாலு விரல்கடை ஆழம். படகை இழுத்துக்கொண்டு நடந்தவன் தொடை வரை சேற்றில் இறங்கிவிட்டேன், அந்தச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மீண்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. அப்படி மாட்டிக்கொண்டால் காலை உருவ முண்டக் கூடாது, முண்ட முண்ட உள்ளேதான் போகும். படகின் மேல் நெஞ்சைச் சாய்த்து எடையைப் பரப்பிவிட்டு ஒவ்வொரு காலாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும்.

அதனால் போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒருநாள் மாலை தனியாகப் போய்க் கரை மேல் முழு நீளத்துக்கும் நடந்து பாருங்கள். எந்த மடைப் பக்கம் தண்ணீர் கறுத்துத் தெரிகிறது, படி இருக்கிறதா, வலை எங்கே கட்டியிருக்கிறது, வெட்டிய கருவேல மரத்தின் அடிக்கட்டைகள் எந்தப் பக்கம் தலை நீட்டுகின்றன என்று பார்த்து வையுங்கள். தலை நீட்டுகிற கட்டையால் ஆபத்தில்லை, ஒரு சாண் தண்ணீருக்கு அடியில் இருப்பதுதான் படகைக் கிழிக்கும். மடையின் கல்தூணில் தண்ணீர் நின்ற தடத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று போகிற அன்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது யாருடைய தண்ணீர் என்பது. பெரும்பாலும் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் பொதுப்பணித் துறை வழியில் வந்த நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். ஆனால் மீன் இவர்கள் யாரிடமும் இருக்காது, மீன்பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசியை, ஏலம் எடுத்தவரிடம் இருக்கும். அவர் காசு போட்டுக் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கேட்காமல் படகை இறக்குவதும் அடுத்தவன் தோட்டத்தில் மாங்காய் பறிப்பதும் ஒன்றுதான். ஊர் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு "குத்தகை யாருண்ணே?" என்று கேட்டால் அரை மணி நேரத்தில் ஆளே எதிரில் வந்து நிற்பார். தூண்டில் மட்டும்தான், வலை இல்லை, இரண்டு பேர், ஒரு ராத்திரி என்று தெளிவாகச் சொல்லி, என்ன கொடுக்க வேண்டும் என்றும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், சிரித்து முடிக்கவே நேரமாகும், அப்புறம் உங்கள் மேல் சந்தேகமும் வரும்.

சில ஊர்களில் ஏலமே விடாமல், வற்றும் நேரத்தில் ஊர் கூடி மொத்தமாகப் பிடித்து அழிப்பதற்கென்று மீனை விட்டு வைத்திருப்பார்கள். விடியக்காலை ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்கிற அடியில்லாக் கூடையும் கச்சாவும் வலையுமாகச் சுற்று வட்டாரமே உள்ளே பாயும். அப்படிப்பட்ட கண்மாயில் அதற்கு முன்னால் தூண்டில் போடுவது பெரிய குற்றம், அனுமதி கேட்டுக்கூடப் பார்க்காதீர்கள். ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு அந்த அழிகண்மாய்க்கே போய்விடுங்கள், அதுவும் தனி சந்தோஷம்தான். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம், அங்கே படகு, தூண்டில் என்ற பேச்சே கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் பறவை மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கே வெடி போடாதவர்கள். அப்புறம் ஊருணி. வெளியூர்க்காரர்களுக்குக் குளமும் ஊருணியும் ஒன்றாகத் தெரியும். செட்டிநாட்டில் ஊருணித் தண்ணீர் குடிக்கிற தண்ணீர், பல ஊர்களில் கால் நனைக்கவே விட மாட்டார்கள். மீன் கழுவக்கூட அங்கே போகக் கூடாது. நான் எந்தக் கண்மாய்க்குப் போகிறேன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது என்பது போதும்.

படகுக்கு வருவோம். நம் பக்கம் லாரி டியூப்பின் மேல் பலகை கட்டி மிதப்பதுதான் பழக்கம், குத்தகைக்காரர்கள் இன்றும் அதில்தான் வலை போடுகிறார்கள். நாங்கள் எடுத்துப் போவது காற்றடித்து நிரப்பும் இரண்டு பேர் கேனோ, மடித்தால் கார் டிக்கியில் அடங்கும். மரத்திலோ ஃபைபரிலோ செய்தது இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் வரப்பு மேல் யார் தூக்குவது? காற்றுப் படகின் எதிரி சீமைக்கருவேல முள். இறக்குகிற இடத்தில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து அதன் மேல் வைத்துக் காற்றடியுங்கள், ஏறும் முன் செருப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். சைக்கிள் கடைச் சொல்யூஷன் பிவிசி படகுக்குச் சரியாகப் பிடிக்காது, படகோடு வந்த பிவிசி பசையும் ஒட்டுத் துண்டும் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று: காலைக் குளிரில் இறுக்கமாகக் காற்றடித்துவிட்டு மதிய வெயிலில் கரையில் ஏற்றிப் போட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் பிய்ந்துவிடும். கரையேற்றியதும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள், நிழலில் போடுங்கள். துடுப்பு இரண்டோடு ஒரு ஆள் உயர மூங்கில் கழியும் வேண்டும். ஆழமில்லாத இடத்தில் துடுப்பு சேற்றைத்தான் கலக்கும், கழிதான் தள்ளும். மிதவை அங்கி இரண்டு பேருக்கும் கட்டாயம். "நமக்கு நீச்சல் தெரியும்" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பாசிக் கொடியும் நைலான் வலையும் காலில் சுற்றினால் நீச்சல் உதவாது.

தூண்டில் விஷயத்தில் ஆளுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு, நான் என்னுடையதைச் சொல்கிறேன். சிலேபிக்கு (திலாப்பியா) மூங்கில் தூண்டில், மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன முள், மண்புழு, தக்கை. இதற்கு மேல் செலவு செய்வது வீண். கெண்டைக்கும் ரோகுவுக்கும் கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து உருண்டை. விராலுக்குத்தான் நல்ல ராடு வேண்டும், ஏழடி, கொஞ்சம் விறைப்பாக, பின்னல் நூலோடு. ரப்பர் தவளையைக் கோரைக்கும் அல்லிக்கும் நடுவில் போட்டுத் துள்ளத் துள்ள இழுத்தால் தண்ணீர் வெடிக்கிற மாதிரி அடிக்கும். அடித்த உடனே சுண்டாதீர்கள், ஒன்று இரண்டு என்று எண்ணிவிட்டுச் சுண்டுங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், அதனால் அசையாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி மேலே வந்தால் அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும், தவளையைப் போட்டால் கட்டாயம் அடிக்கும். போடாதீர்கள். அந்த இரண்டும் போனால் குஞ்சு முழுக்க மற்ற மீனுக்கு இரை. கெளுத்தி மாட்டினால் பக்கமுள்ளுக்குப் பின்னால் பிடியுங்கள், குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து, நாலு மணிக்குப் படகை இறக்கி, சூரியன் விழுகிற ஆறரைக்குள் கரையேறிவிடுங்கள். இருட்டில் மிதக்க வேண்டாம், அடிக்கட்டையும் தெரியாது, வலையும் தெரியாது. மறுநாள் வெளுத்ததும் இறங்கி ஒன்பதரை வரை. அவ்வளவுதான், பத்து மணி வெயிலில் மீனும் கடிக்காது, மனுஷனும் தாங்க மாட்டான். ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிதண்ணீர் குறைந்தபட்சம். கரைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள், கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கோடை இடி கேட்டால் ராடைப் படுக்க வைத்துவிட்டுக் கரையேறி வண்டிக்குள் போய்விடுங்கள், ஒற்றைப் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

தூங்குவதற்குக் கரை வேண்டாம். காற்று நன்றாக வரும், நிலா வெளிச்சம் தண்ணீரில் விழும், எல்லாம் சரி, ஆனால் மண்கரையின் வெடிப்பும் பொந்தும்தான் பாம்புக்கு வீடு. கண்ணாடி விரியன் பெரும்பாலும் ராத்திரியில்தான் நடமாடும். அறுப்பு முடிந்த களத்துமேடோ, தெரிந்தவர் பம்புசெட்டுக் கொட்டகையோ கேட்டு வாங்குங்கள், கொசுவலைக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடுங்கள், ஒன்றுக்குப் போவதற்குக்கூட டார்ச்சும் ஷூவும் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தால் கட்டு, கீறல், பச்சிலை எதுவும் வேண்டாம், ஆளை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. அதனால் எந்த இடத்தில் போன் சிக்னல் எடுக்கிறது என்று மாலையிலேயே பார்த்து வைப்பதும், வீட்டில் கண்மாய்ப் பெயரையும் திரும்பும் நேரத்தையும் சொல்லி வைப்பதும் நல்லது. அய்யனார் கோயில்காட்டுக்குள் விறகு பொறுக்காதீர்கள். அங்கே சுள்ளி ஒடிப்பது ஊருக்குப் பிடிக்காது, உங்களுக்குக் கொட்டகை கொடுத்தவருக்கும் கெட்ட பெயர்.

சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், மீன் கிடைக்கும் என்று நம்பிப் பட்டினி கிடந்த கதை என்னிடம் இரண்டு உண்டு. வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு, மஞ்சள், கல்லுப்பு எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டால் கல்லில் போட்டு நல்லெண்ணெய் விட்டு வறுக்க வேறொன்றும் வேண்டாம். கண்மாய் மீனில் இந்த நேரத்தில் சேற்று வாடை தூக்கலாக இருக்கும். விராலை அடுப்புச் சாம்பல் தொட்டு உரசி வழுவழுப்பை எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் அலசி, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடத்தினால் அடங்கிவிடும். குழம்பை வீட்டுக்கு வந்து வையுங்கள், மண்சட்டியில், மறுநாளைக்கும் சேர்த்து.

கிளம்பும் முன் அறுந்த நரம்பையெல்லாம் பொறுக்கி எடுங்கள், கொக்கு நாரையின் காலில் சுற்றிக்கொள்ளும். குத்தகைக்காரரிடம் பிடித்ததைக் காட்டி, அவர் கேட்காவிட்டாலும் ஒரு நல்ல மீனைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த வருஷம் அவரே போன் பண்ணித் தண்ணீர் நிலவரம் சொல்வார். படகை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். அன்றைக்கே காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத் தோதான இடம் நடு முற்றத்தைச் சுற்றிய வளவுதான். ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருப்பார், குழம்பு இறங்குகிற வரைக்கும்.