ஆத்தங்குடிக் கல் பட்டறையில் ஒரு நாள்: முதல் இனவரைவியல் படம் எடுப்பது எப்படி?

செட்டிநாட்டுக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் முகப்பு, வளவு, பர்மா தேக்குத் தூண் என்று வீட்டைச் சுற்றிப் படம்பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே வீட்டின் தரைக்கு, செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியின் பெயரால் அழைக்கப்படும் கல்லை (கையால் செய்யும் சிமெண்டு டைல்) செய்பவர் காலையில் எத்தனை மணிக்கு மணல் சலிக்கத் தொடங்குகிறார் என்பது அந்தப் படங்களில் இருக்காது. இனவரைவியல் படம், அதாவது மக்களின் வாழ்க்கையையும் வேலையையும் கூட இருந்து பதிவுசெய்யும் படம், அங்கேதான் தொடங்குகிறது. முதல் முயற்சிக்குப் பத்து நிமிடப் படம், ஒரே பட்டறை, ஒரே வேலை போதும். ஊர் முழுவதையும் காட்ட நினைத்தால் எதுவும் முழுதாக வராது.

1. கேமரா இல்லாமல் போங்கள்

முதல் நாள் நோட்டும் பேனாவும் போதும். வேலை நடக்கும் வரிசை, வெயில் விழும் இடம், டீக்கு எழும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதியை இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். முதலாளி சரி சொன்னால் தொழிலாளியும் சரி சொன்னதாக ஆகாது. படம் எங்கே வெளியாகும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு, “இதுல நீங்க வர்றது பிடிக்கலைன்னா அந்தக் காட்சியை நீக்கிடுவோம்ணே” என்று முன்கூட்டியே உறுதி கொடுங்கள். கல் கணக்கில் கூலி வாங்குபவராக இருந்தால், நீங்கள் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் காசு. அதற்கு ஈடு கொடுப்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

2. செட்டிங்

செல்போனே போதும், ஆனால் ஆட்டோவை நம்பாதீர்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/60 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். வெளி வெயிலில் 1/50 வெளுத்துப்போகும். அங்கே லென்ஸ்முன் என்டி பில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள். இல்லையென்றால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். கொட்டகைக்கு உள்ளிருந்து வாசலுக்கு ஒரே ஷாட்டில் திரும்ப வேண்டாம், வெளிச்ச அளவு (எக்ஸ்போஷர்) சட்டென்று மாறிவிடும். சிமெண்டுத் தூசி லென்ஸில் படியும். துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதிவிடுங்கள்.

3. வேலையை முழுதாக எடுங்கள்

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாது. மெஷினில் பாலிஷும் போடுவதில்லை. சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, மேலே உலோக அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறமாகக் கரைத்த சிமெண்டுச் சாயத்தை ஊற்றுகிறார்கள். அச்சை நேராகத் தூக்கியதும் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி அழுத்துகிறார்கள். கண்ணாடியில் படிந்த முகம்தான் பிறகு பளபளக்கிறது.

ஆக, ஊற்றும்போது நமக்குத் தெரிவது கல்லின் முகமல்ல, உள்பக்கம். இதைப் பார்ப்பவருக்குப் புரியவைக்க வெறும் கண்ணாடியை வைக்கும் தருணத்தில் ஒரு ஷாட் கட்டாயம் வேண்டும். அதில் உங்கள் முகமும் பிரதிபலிக்கும். கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் டிரைபாடை இரண்டடிக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் முதுகும்தான் கிடைக்கும். ஷாட்டை 20 நொடிக்குமுன் வெட்டாதீர்கள், ஜூம் வேண்டாம். ஒரு கல்லாவது கண்ணாடி துடைப்பதிலிருந்து அழுத்தி முடிக்கும்வரை ஒரே ஷாட்டில் இருக்கட்டும். கைகளின் அண்மைக் காட்சியை அடுத்த கல்லில் எடுத்துக்கொள்ளலாம். “இன்னொரு தடவை ஊத்துங்கண்ணே” என்று கேட்கவே கூடாது: சாயம் இறுகிவிடும், கலவை வீணாகும், அதைவிட, அவர் உங்களுக்காக நடிக்கத் தொடங்கிவிடுவார்.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதற்கடுத்துதான். கல் ஒரு நாள் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் பதப்பட வேண்டும். கண்ணாடி விலகும் காட்சியை அன்றே எடுக்க ஆசைப்பட்டு, முன்பே ஊறிய வேறு கல்லைக் காட்டி ஒட்டிவிடுகிறார்கள். பூவும் நிறமும் மாறியிருப்பதைத் தொழில் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் எடுத்த கல்லின் டிசைனையும் தொட்டியில் அது இருக்கும் இடத்தையும் குறித்துவைத்து, அதன் கண்ணாடி விலகும் நாளில் திரும்பிப் போங்கள்.

4. ஒலி

காலர் மைக்கைச் சட்டைக்குள் குத்தினால் உரசல் வரும், வெளியே குத்துங்கள். ஒலி அளவு உச்சத்தில் -12 டெசிபலைத் தாண்டாமல், ஹெட்போனில் கேட்டபடி எடுங்கள். யாரும் பேசாத பட்டறைச் சத்தம் ஒரு நிமிடம் தனியாக வேண்டும். எடிட்டிங்கில் ஒட்டுப் போட அதுதான் உதவும். எப்எம் ரேடியோ ஒரு தலைவலி: சினிமாப் பாட்டு பதிவானால் யூடியூபில் உரிமைச் சிக்கல் வரும். ஆனாலும் நாள் முழுக்க அணைக்கச் சொல்வது அவர்களுடைய நாளையே மாற்றுவது. பேட்டிக்கு மட்டும் கேளுங்கள். பேட்டியிலும் “எப்படி உணர்றீங்க?” வேண்டாம், “இந்த மணலை ஏன் இவ்வளவு சலிக்கிறீங்க?” என்று கை ஓடும்போதே கேளுங்கள்.

5. வெட்டி, போட்டுக் காட்டுங்கள்

படம்பிடித்ததை அன்றிரவே இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். வேலையின் வரிசையை மாற்றாமல் அடுக்குங்கள். அவர் பேச்சைப் பேசியபடியே விடுங்கள், சப்டைட்டிலிலும் திருத்த வேண்டாம்.

வெளியிடுமுன் பட்டறையிலேயே திரையிடுங்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் ழான் ரூஷ், நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையை எடுத்து, இசை சேர்த்து, அந்த வேட்டைக்காரர்களுக்கே காட்டினார். நீர்யானைக்குக் காது கூர்மை, வேட்டையில் சத்தமே கூடாது, அந்த இசையை நீக்குங்கள் என்றார்கள் அவர்கள். பட்டறைச் சத்தத்தின்மேல் நாதஸ்வரம் போட நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம். பட்டறைக்காரர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்தபின் பென்டிரைவில் ஒரு பிரதி கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிப்போய் கல்லின் பூவே கலங்கித் தெரியும்.