முதியோர் இல்லத்துக்கு வாலன்டியரா போறீங்களா, முதல்ல அந்த கேக்கை கீழ வைங்க

போன வாரம் பக்கத்து தெரு தம்பி ஒருத்தன் கேட்டான், அண்ணே வாராவாரம் முதியோர் இல்லத்துக்கு போய் ஏதாவது செய்யணும்னு இருக்கு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு. வாட்ஸ்ஆப்ல பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு விரல் வலிக்கிற அளவுக்கு போயிடுச்சு. அதான் மொத்தமா எழுதிடறேன்.

நான் இதை கத்துக்கிட்டது நம்ம மாயவரத்துல இல்ல. நியூஜெர்சில எட்டு வருஷம் வேலைல இருந்தப்ப, வீட்டுலேர்ந்து நடக்குற தூரத்துல யூதர்கள் நடத்துற ஒரு முதியோர் இல்லம். ஒரு குளிர்காலத்துல பேச ஆளில்லாம போரடிச்சு போய் கேட்டேன், அவ்வளவுதான், சேவை மனப்பான்மைலாம் ஒண்ணும் கிடையாது. ஊருக்கு திரும்பினப்பறம் இங்க ஒரு இல்லத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் போறேன். ரெண்டையும் வச்சுதான் சொல்றேன்.

அங்க நேரா உள்ள விடல. ஃபார்ம், டிபி டெஸ்ட், ஃப்ளூ ஊசி, போலீஸ் ரெக்கார்டு இருக்கான்னு செக்கிங், அப்பறம் ஒரு நாள் உக்கார வச்சு பாடம், எல்லாம் முடிய ஒரு மாசம் ஆச்சு. இலவசமா வேலை செய்ய வந்தவனுக்கு இவ்வளவு பந்தாவான்னு கடுப்பா இருந்துச்சு. இங்க நேர் எதிர், கைல ஒரு கேக் டப்பா இருந்தா போதும் யாரும் படுக்கை வரைக்கும் போயிடலாம். அதனால நீங்களே ஒரு முறை வச்சுக்கங்க. முதல் தடவை வெறுங்கையோட போய் வார்டனை பாருங்க, ஆதார் ஜெராக்ஸ் நீங்களா குடுங்க, எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தா அவங்க வேலைக்கு இடைஞ்சல் இல்லன்னு கேளுங்க. இல்லம் பதிவு பண்ணினதான்னும் சங்கடப்படாம கேட்டுடுங்க, பதிவு கட்டாயம்.

இப்ப கேக் விஷயம். எனக்கு இதுல கோவம் ஜாஸ்தி, பொறுத்துக்கங்க. அஞ்சு வயசு பையனுக்கு பொறந்தநாள்னு குடும்பத்தோட வருவாங்க, முழங்கால் வலியில இருக்கிற எழுபது எண்பது வயசு ஆளுங்களை ஹால்ல உக்கார வச்சு, முன்ன பின்ன பார்க்காத பையனுக்கு கைத்தட்டி பாட்டு பாட வச்சு, தட்டை நீட்டுறப்ப ஒரு போட்டோ, வாங்குறப்ப ஒரு போட்டோ. மஹாளய அமாவாசை அன்னிக்கு மூணு வேளையும் மூணு பார்ட்டி வடை பாயசத்தோட வந்து நிப்பாங்க, மறுநாள் காலைல யாரும் இல்ல, பாதி பேருக்கு வயிறு வேற சரியில்ல. சுகர் இருக்கிறவருக்கு கேக், கிட்னி பிரச்சனை உள்ளவருக்கு இளநீரும் வாழைப்பழமும் (பொட்டாசியம் ஏறிடும்), முழுங்க கஷ்டப்படுறவருக்கு முறுக்கு. குடுக்கணும்னா போன் பண்ணி என்ன வேணும்னு கேட்டுட்டு குடுங்க. பெரும்பாலும் பதில் அடல்ட் டயபர், மெத்தைல விரிக்கிற அண்டர்பேட், நைட்டி, லுங்கி, நகவெட்டி இப்படித்தான் இருக்கும். போட்டோல அழகா வராது, அது வேற விஷயம்.

சாப்பாட்டுல நானும் அசிங்கப்பட்டிருக்கேன். நியூஜெர்சில முதல் வாரமே வீட்டுல புடிச்ச ரவா லட்டு ஒரு டப்பா எடுத்துட்டு போனேன், ரிசப்ஷன்லயே நிறுத்திட்டாங்க. அவங்க கிச்சன் கோஷர், அதாவது யூத மத சாப்பாட்டு விதிப்படி நடக்குறது. பாலும் கறியும் சேரக்கூடாது, அதுக்கு பாத்திரம், ஸ்பூன் எல்லாம் தனித்தனி, மீன்னா துடுப்பும் செதிலும் இருக்கணும், இறால் நண்டு கிடையாது. வெளியில சமைச்சதை அவங்க மைக்ரோவேவ்ல சூடு கூட பண்ண முடியாது. எனக்கு ஒரு நிமிஷம் முகம் சுருங்கிடுச்சு, அப்பறம் யோசிச்சா எங்க பாட்டி பத்து, மடின்னு ஆசாரம் பார்த்து பாத்திரத்தை பிரிச்சு வச்சதும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதானே. இங்க நான் போற இல்லத்துலயும் ஏகாதசிக்கு பட்டினி இருக்கிற ஒரு மாமி இருக்காங்க, ஹலால் இல்லன்னா கறி தொடாத நாகூர் பாய் இருக்காரு, வெள்ளிக்கிழமைன்னா கவுச்சி வேணாம்ங்கிற ஆச்சி இருக்காங்க. வயசான காலத்துல மனுஷன் கைல மிச்சம் இருக்கிற உரிமைல பெரிய உரிமை இது, என்ன சாப்பிடணும்னு அவரே சொல்றது.

அங்க நான் கத்துக்கிட்ட பெரிய பாடம் மின்யான். யூதர்கள் கூட்டா பிரார்த்தனை பண்ணும்போது சில முக்கியமான பகுதிகளுக்கு வயசு வந்தவங்க பத்து பேர் இருந்தே ஆகணும். ஒன்பது பேர் இருந்தா காத்துட்டு நிப்பாங்க. வைதீகமான பிரிவுகள்ல ஆம்பளைங்களை மட்டும்தான் எண்ணுவாங்க, மத்த பல பிரிவுகள்ல பொம்பளைங்களும் சேர்த்தி. நான் யூதன் இல்ல, என்னை எண்ண மாட்டாங்க, என் வேலை வீல்சேர் தள்ளுறது. ஒரு நாள் ஒன்பது பேர்ல நின்னுடுச்சு. மூணாவது மாடில ஒருத்தரு, 90 தாண்டினவரு, ரூமை விட்டு வரவே மாட்டாரு, பேப்பர் படிக்க வரியா, பாட்டு கேக்க வரியான்னா கதவை சாத்துவாரு. அவர்கிட்ட போய் "ஒன்பது பேர்தான் இருக்காங்க"ன்னேன், அவ்வளவுதான் சொன்னேன், "அப்ப என் கோட்டை எடு"ன்னாரு. பொழுதுபோக்குக்கு கூப்பிட்டா வராத மனுஷன், நீ இல்லாம நடக்காதுன்னதும் எழுந்துட்டாரு. அதனால நீங்க போற இடத்துல முதல்ல யோசிக்க வேண்டியது, இவங்களுக்கு நாம என்ன செய்யலாம்னு இல்ல, இவங்க இல்லாட்டி எது நிக்கும்னு.

இங்க நான் என்ன பண்ணினேன்னா, அங்க வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஷபாத், அதாவது யூதர்களோட வாராந்திர ஓய்வு நாள், தொடங்கும், சூரியன் மறையறதுக்கு 18 நிமிஷம் முன்னாடி விளக்கு ஏத்துறது அவங்க வழக்கம். ஆக்சிஜன் வச்சிருக்கிறவங்க இருக்கிறதால அந்த இல்லத்துல நிஜ மெழுகுவர்த்திக்கு பதில் பேட்டரி விளக்கு, ஒயினுக்கு பதில் திராட்சை ஜூஸ், துணி போட்டு மூடின ரெண்டு ரொட்டி. மக பேரே ஞாபகம் இல்லாத ஒரு அம்மா, விளக்கை பார்த்ததும் ரெண்டு கையாலயும் கண்ணை மூடிக்கிட்டு மந்திரம் முழுசா சொன்னாங்க, ஒரு எழுத்து பிசகல. நமக்கும் வெள்ளிக்கிழமை விளக்கு உண்டே, அதையே புடிச்சுக்கிட்டேன். மார்க்கெட்டுல உதிரிப்பூ அரை கிலோவும் வாழைநாரும் வாங்கிட்டு நாலரை மணிக்கு போயிடுவேன், விளக்குக்கு சாத்துற பூவை அவங்கதான் கட்டணும், ஆறு மணிக்குள்ள கட்டி முடியலன்னா விளக்கு வெறுமனே நிக்கும். கட்டின சரம் வாங்குறது எனக்கு ஈஸி, ஆனா வாங்கவே கூடாது. மூணு வாரம் யார்கிட்டயும் பேசாம இருந்த ஒரு அம்மா, குத்தாலம் பக்கம் வயல் வேலை பார்த்தவங்க, பூவை தொட்டதும் பக்கத்து பொம்பளைகிட்ட "இப்படியா கட்டுவ"ன்னு சண்டைக்கு போயிட்டாங்க, ரெண்டு மாசம் கழிச்சு நடவுப் பாட்டு ஒண்ணு அவங்களா எடுத்து விட்டாங்க. பாடச் சொல்லி யாரும் கேக்கல, கேட்டிருந்தா பாடியிருக்க மாட்டாங்க. பாய் பூ கட்ட மாட்டாரு, ஆனா கரெக்டா மணி பார்த்து சொல்றது அவர் வேலை.

ஷபாத்ல இன்னொன்னு எனக்கு புடிச்சது, கடைப்பிடிக்கிறவங்க அந்த நேரத்துல போன் தொட மாட்டாங்க, போட்டோ எடுக்க மாட்டாங்க. லிஃப்ட் பட்டன் கூட அமுக்கக் கூடாதுன்னு, லிஃப்ட் தானா ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போகும். முதல் நாள் ரிப்பேர்னு நினைச்சு படியில ஏறினேன். இங்கயும் என் கூட வர்றவங்களுக்கு ஒரே கண்டிஷன், போன் வண்டி டிக்கில.

பேசுறது எப்படின்னு கேட்டீங்கன்னா, ஒவ்வொரு தடவையும் உங்க பேரை நீங்களே சொல்லிடுங்க, "என்னை ஞாபகம் இருக்கா"ன்னு பரீட்சை வைக்காதீங்க. முகத்துக்கு நேரா உக்காந்து மெதுவா சொல்லுங்க, காது கேக்காதவர்கிட்ட கத்தினா சத்தம்தான் கேக்கும் வார்த்தை கேக்காது. எப்படி கூப்பிடறதுன்னு கேட்டுக்கங்க. நான் எல்லாரையும் தாத்தா பாட்டின்னு கூப்பிட்டுட்டு இருந்தேன், கணக்கு வாத்தியாரா இருந்து ஹெட்மாஸ்டரா ரிட்டையர் ஆன ஒருத்தரு "நான் உனக்கு எந்த வழியில தாத்தா, சார்னு கூப்பிடு"ன்னாரு. சரிங்க சார். "பிள்ளைங்க ஏன் விட்டுட்டாங்க"ன்னு மட்டும் எந்த ஜென்மத்துலயும் கேக்காதீங்க.

அந்த இல்லத்துல ஹிட்லர் கால முகாம்கள்லேர்ந்து உயிர் பிழைச்சவங்க சில பேர் இருந்தாங்க. பாடம் எடுத்தப்ப அதை தனியா சொன்னாங்க, அவங்களை வரிசைல நிக்க வைக்காதீங்க, ஷவர்ல குளிக்க பயந்தா வற்புறுத்தாதீங்க, தலையணைக்கு அடியில ரொட்டி இருந்தா எடுத்து போடாதீங்க, எல்லாம் முகாம்ல பட்டதோட மிச்சம்னு. இங்க வந்தப்பறம் நாகப்பட்டினத்து அம்மா ஒருத்தவங்க, 2004 சுனாமில குடும்பத்துல ரெண்டு பேரை குடுத்தவங்க, ராத்திரி மழை காத்து அடிச்சா கட்டில்லேர்ந்து இறங்கி வாசல் கிட்ட வந்து உக்காந்துக்குவாங்க. ஆயாம்மா அதட்டுவாங்க. நான் அந்த ரொட்டி கதையை ஆயாம்மாகிட்ட சொன்னேன், அதுலேர்ந்து வாசல்ல ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க.

செய்யக்கூடாதது கொஞ்சம் இருக்கு. தூக்குறது, குளிப்பாட்டுறது, ஊட்டுறது எல்லாம் ஸ்டாஃப் வேலை, கத்துக்காம தொட்டா உங்க முதுகும் போகும் அவங்க இடுப்பும் போகும். பணம் குடுக்கல் வாங்கல், பேங்க் ஃபார்ம், சொத்து பேப்பர் பக்கமே போகாதீங்க. சளி காய்ச்சல்னா அந்த வாரம் லீவு. ஆனா பென்ஷன்காரங்களுக்கு ஒரு உதவி தைரியமா செய்யலாம், வார்டன் பக்கத்துல இருக்கிறப்ப. ரயில்வே, தபால் மாதிரி மத்திய அரசு பென்ஷன்னா வருஷா வருஷம் நவம்பர்ல உயிரோட இருக்கோம்னு சான்று குடுக்கணும், 80 வயசு தாண்டியிருந்தா அக்டோபர் 1லேர்ந்தே குடுக்கலாம், இப்ப போன்ல முகத்தை காட்டியே முடிஞ்சுடும். பேங்க் படி ஏறி இறங்குற கஷ்டம் மிச்சம்.

யாராவது அடிக்கிறாங்க, பட்டினி போடுறாங்கன்னு தெரிஞ்சா உள்ள சண்டை போடாதீங்க, 14567க்கு போன் பண்ணுங்க, முதியோர் உதவி எண், காலைல 8லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும். பிள்ளைங்ககிட்ட ஜீவனாம்சம் கேக்கணும்னு அவங்களா சொன்னா 2007 முதியோர் பராமரிப்பு சட்டப்படி ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுக்கலாம். அவங்களா சொன்னா மட்டும். முக்காவாசி பேர் சொல்ல மாட்டாங்க, பிள்ளை பேரு கெட்டுடும்னு.

இன்னொன்னு, அமெரிக்காவுல நர்சிங் ஹோம்ல இருக்கிறவங்க தங்களுக்குள்ள ஒரு கவுன்சில் வச்சுக்க சட்டத்துலயே உரிமை இருக்கு. அந்த இல்லத்து கவுன்சில்ல சூப்புல உப்பு இல்லன்னு முக்கால் மணி நேரம் விவாதம் நடந்து பார்த்திருக்கேன். இங்க சார் தலைமைல மாசம் ஒரு மீட்டிங் வச்சோம். முதல் தீர்மானம், காபி ஆறரைக்கு வேணாம் அஞ்சு மணிக்கு வேணும், சிக்கரி குறைக்கணும். சமையக்கார அண்ணன் ஒரு வாரம் என்கூட பேசல. இப்ப அஞ்சு இருபதுக்கு வருது.

வெளிய கூட்டிட்டு போகணும்னா ஐப்பசி கடைசி நாள் கடைமுகம் அன்னிக்கு காவிரி துலாக்கட்டத்துக்கு போகாதீங்க, கூட்டத்துல நசுங்கிடுவாங்க. அதே ஐப்பசில ஒரு சாதாரண நாள் காலைல ரெண்டு ஆட்டோ வச்சு போங்க, படி இறங்க வேணாம், சொம்புல தண்ணி எடுத்து தலைல தெளிச்சா போதும். பாத்ரூம் எங்க இருக்குன்னு முந்தின நாளே பார்த்து வச்சுக்கங்க, எங்க முதல் ட்ரிப் அதுலதான் கெட்டுச்சு.

நோயாளியை பார்க்க போறவன் நோயில 60ல ஒரு பங்கை எடுத்துட்டு போறான்னு யூதர்களோட தால்முத்ங்கிற மத நூல்ல ஒரு வாக்கு. அதை சார்கிட்ட சொன்னேன். உடனே "அப்ப 60 பேர் வந்தா நோய் போயிடுமா"ன்னாரு. அதே கேள்வியை அந்த நூல்லயே கேட்டிருக்காங்க சார், ஒவ்வொருத்தரும் மிச்சம் இருக்கிறதுல 60ல ஒரு பங்குதான் எடுப்பாங்களாம்னேன். கொஞ்ச நேரம் விரல்ல கணக்கு போட்டுட்டு, "அப்ப எத்தனை பேர் வந்தாலும் பூஜ்ஜியம் ஆகாது, சரி நீ வந்துட்டு இரு"ன்னாரு.

வர முடியாத வாரம்னா முந்தின வாரமே சொல்லிடுங்க, "வரேன் வரேன்"னு சொல்லிட்டு வராம இருந்துடாதீங்க, நாலு மணிலேர்ந்து வாசலை பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. அடுத்த வெள்ளி நான் சென்னைல இருப்பேன், பூவுக்கு அந்த பக்கத்து தெரு தம்பிதான் போறான். சார் அவனை ஏற்கனவே ஒரு தடவை வரச் சொல்லி பார்த்துட்டாரு. பதினாறாம் வாய்ப்பாடு கேட்டிருக்காரு, 16 ஏழுல தடுமாறிட்டானாம், படிச்சுட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காரு.