பிரிட்டிஷ் மரபுச் சின்னத்தில் கிரீடத்தை வைத்துப் பட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மரபுச் சின்னம் என்றால் ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ உரிய, கேடயம் வரைந்த அடையாளப் படம் (coat of arms). அதில் முதலில் கிரீடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேடயத்தின் மேல், தலைக்கவசத்துக்குக் கீழே இருப்பதுதான் பட்டத்தைச் சொல்லும். தலைக்கவசத்தின் உச்சியில் மூன்று இலையோடு ஒன்று இருந்து, அதிலிருந்து சிங்கமோ பறவையோ எழுந்தால் அது பெரும்பாலும் அலங்காரம்தான். விட்டுவிடுங்கள்.

அடுத்து வளைவு. பிரபுக்களின் கிரீடத்துக்கு வளைவு கிடையாது. வளைவும் சிலுவையும் இருந்தால் அரசரோ இளவரசரோ. கோட்டை மதில் மாதிரி இருந்தால் அநேகமாக ஊர்ச் சின்னம்.

இனி எண்ண வேண்டும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிரபுக்களில் உயர்ந்த பட்டமான டியூக்குக்கு 8 ஸ்ட்ராபெரி இலை என்று படித்திருந்தேன். படத்தில் 5தான் இருந்தது. படம் தப்பு என்று நினைத்து ஒரு வாரம் வேறு படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் 5தான்! கிரீடம் ஒரு வளையம், நாம் பார்ப்பது அதன் முன்பாதி மட்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு நீளக் காகிதப் பட்டையை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் 7 மடிப்பு விழும். முனைகளை ஒட்டுங்கள், ஒட்டிய இடம் எட்டாவது. எட்டிலும் கோடு போட்டு, ஒரு கோடு நேர் எதிரே வரும்படி கண் மட்டத்தில் பிடியுங்கள். நடுவில் 1, பக்கத்துக்கு 1, ஓரத்துக்கு 1. மொத்தம் 5. இலை, உருண்டை எல்லாம் சேர்ந்த மொத்தத்தில் பாதியோடு ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. கீழே பட்டங்கள் உயர்ந்ததிலிருந்து வரிசையாக; அடைப்புக்குறிக்குள் முழு வளையத்தில் இருப்பது, அதற்குப் பின் படத்தில் தெரிவது.

டியூக் (8 இலை): 5 இலை.
மார்க்வெஸ் (4 இலை, 4 வெள்ளி உருண்டை): 3 இலை, 2 உருண்டை.
ஏர்ல் (8 இலை, உயர்ந்த கம்பிகளில் 8 உருண்டை): 4 இலை, 5 உருண்டை.
வைகவுண்ட் (16 உருண்டை): 9. சில ஓவியர்கள் 7 போடுவார்கள்.
பாரன் (6 உருண்டை): 4. பாரன்களுக்கு 1661இல்தான் மன்னர் இரண்டாம் சார்லஸ் கிரீட உரிமையைக் கொடுத்தார்.

திரையில் எண்ணாதீர்கள். அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறியிட்டு எண்ணுவதுதான் நம்பகமானது.

பின்சேர்க்கை: ஒரு ஜெர்மன் சின்னத்தில் 9 உருண்டை இருக்கிறது, வைகவுண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை, அது கிராஃப். நம் ஏர்லுக்குச் சமமான பட்டம். எனவே எண்ணுவதற்கு முன்பே எந்த நாடு என்று பார்த்துவிடுங்கள். நாடு தெரியாவிட்டால் உருண்டையின் அடியைக் கவனியுங்கள்: கிராஃபுக்குக் கூர்முனைகளின் மேல் நிற்கும், வைகவுண்டுக்கு வளையத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும்.