ஹைபிரிட் கார்களை ஒப்பிடுவது எப்படி?

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் கார் வாங்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிடத் தொடங்குகிறார்கள். அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகளின்மேல் ஓட்டி அளந்தது. ஒரே எண்ணைக் காட்டும் இரு கார்கள் உங்கள் சாலையில் வெவ்வேறு அளவு பெட்ரோல் குடிக்கக்கூடும். எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் எந்த வழியாகச் சக்கரத்தை அடைகிறது என்பதே இதற்குக் காரணம். அந்த வழியையும் நீங்கள் அன்றாடம் ஓட்டும் விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் உருப்படியான ஒப்பீடு.

ஆகவே முதலில் கார்களை விட்டுவிட்டு உங்கள் பயணங்களைக் கவனியுங்கள். இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வொரு பயணமும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் நெரிசலில் ஊர்ந்தது, எவ்வளவு தூரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சென்றது, இரவில் கார் நிற்கும் இடத்தில் மின் இணைப்புக்கு வழி உண்டா என்பவற்றைக் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் காட்சியகத்துக்குப் போனால், விற்பவர் சொல்வதைத்தான் ஒப்பிட்டுக்கொண்டு இருப்போம்.

அடுத்து, பார்க்கும் ஒவ்வொரு காரும் எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எளிய வகை மைல்டு ஹைபிரிட். இதில் பெரும்பாலும் பெல்ட்டால் எஞ்சினுடன் இணைந்த சிறு மோட்டார் ஒன்று எஞ்சினுக்குக் கைகொடுக்கும். அது மட்டும் தனியாகக் காரை ஓட்டிச் செல்லாது. எரிபொருள் சேமிப்பும் அதற்கேற்பச் சிறியதே. பெயர்ப்பலகையில் ஹைபிரிட் என்று இருப்பதை மட்டும் நம்பி இதை, மோட்டாரால் மட்டுமே சிறிது தூரமாவது ஓடக்கூடிய முழு ஹைபிரிட்டோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

முழு ஹைபிரிட்டுகளில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு பற்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என அமைந்த கோள் பற்சக்கரத் தொகுதியை நம்பியது. எஞ்சின் சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடும், ஜெனரேட்டர் நடுப் பற்சக்கரத்தோடும், சக்கரங்களும் பெரிய மோட்டாரும் வெளி வளையத்தோடும் இணைகின்றன. எஞ்சினின் திருகுவிசையில் (டார்க்) ஏறத்தாழ 72 விழுக்காடு நேராகச் சக்கரங்களுக்கும், மீதி ஜெனரேட்டருக்கும் போகும். வழக்கமான கியர்பெட்டி இல்லை, தேயும் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டுபவருக்கு இன்றும் இந்த வடிவத்தைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். வேகமாக முடுக்கும்போது எஞ்சின் ஒரே சுருதியில் இரைவது மட்டும் சிலருக்குப் பிடிப்பதில்லை.

நிசான் 2016-இல் நோட் காரில் கொண்டுவந்த இ-பவர் இதற்கு நேரெதிரான வழி. அங்கே எஞ்சின் மின்சாரம் மட்டுமே உண்டாக்கும். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான். நகர நெரிசலில் இது மின்காரைப் போல மிருதுவாக நகர்கிறது. ஆனால் இயந்திர ஆற்றல் மின்சாரமாகி மீண்டும் இயந்திர ஆற்றலாகும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழப்பு உண்டு. சீரான நெடுஞ்சாலை வேகத்தில் அந்த இழப்பு மணிக்கணக்கில் தொடரும். ஹோண்டாவின் இரு மோட்டார் அமைப்பு இதற்கு மருந்தாக, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச்சை இணைத்து எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு பூட்டிவிடுகிறது. ஹூண்டாய், கியா கார்களில் எஞ்சினுக்கும் வழக்கமான கியர்பெட்டிக்கும் நடுவே மோட்டார் அமர்ந்திருக்கிறது. கியர் மாறும் உணர்வுக்குப் பழகியவர்களுக்கு இது இயல்பாக இருக்கும்.

வெளி மின் இணைப்பில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் வகையை, தினமும் சார்ஜ் ஏற்ற முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வகைக் கார்களின் நடைமுறைக் கரியமில வாயு வெளியீடு ஆய்வுக்கூட அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்காக இருந்தது. எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் ஏற்றப்படாததே இதற்கு முக்கியக் காரணம். சார்ஜ் ஏற்றாத பிளக்-இன் கார், கனமான பேட்டரியை வீணே சுமந்து ஓடும் ஒரு சாதாரண ஹைபிரிட் கார்தான்.

சேமிப்பைக் கணக்கிடும்போது லிட்டருக்குக் கிலோமீட்டர் என்ற அளவு கண்ணை மறைக்கும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் 10-இலிருந்து 15-க்கு மாறினால் மாதம் 33 லிட்டர் மிச்சம்; 20-இலிருந்து 25-க்கு மாறினால் 10 லிட்டர்தான். இரண்டிலும் உயர்வு ஐந்துதான். ஆகவே ஒவ்வொரு காருக்கும் மாதம் எத்தனை லிட்டர் செலவாகும் என்று எழுதி, அந்த வேறுபாட்டைக் காரின் விலை வேறுபாட்டோடு ஒப்பிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் காட்டும் சுற்றுவழியில் போகாமல், உங்கள் அன்றாட வழியைக் கேட்டு வாங்குங்கள். ஏசியை ஓடவிட்டு, காரை நிறுத்தியபடி பத்து நிமிடம் காத்திருங்கள். மின்சாரத்தில் இயங்கும் ஏசி கம்ப்ரசர் உள்ள காரில், பேட்டரி குறையும்போது மட்டுமே எஞ்சின் விழிக்கும். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசராக இருந்தால், குளிர்ச்சி தேவைப்படும்போதெல்லாம் எஞ்சின் ஓடியாக வேண்டும். பேட்டரி பாதிக்கும் கீழே இருக்கும்போது ஒரு நீண்ட ஏற்றத்தில் ஏறுங்கள். அப்போது கேட்கும் எஞ்சின் இரைச்சல்தான் அந்தக் காரின் உண்மையான குரல். பிரேக் மிதிக்கும்போது மோட்டார் காரின் ஓட்டத்தை மின்சாரமாக மாற்றி ஆற்றலை மீட்கும் நிலை முடிந்து சாதாரண பிரேக் பிடிக்கத் தொடங்கும் கணத்தில், அதாவது கார் நிற்கப்போகும் கடைசி சில அடிகளில், குலுக்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். தினம் நூறு முறை மிதிக்கப்போகும் மிதி அது.

இறுதியாகப் பேட்டரி. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எந்த அளவுக்குக் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றால் குளிர்விக்கப்படும் பேட்டரி என்றால், காற்று உள்ளே போகும் துளை எங்கே என்று கேளுங்கள். பல கார்களில் அது பின்னிருக்கையின் ஓரத்தில் இருக்கும். அதன்மேல் பையோ போர்வையோ கிடந்தாலும், அதிலுள்ள வடிகட்டி தூசியால் அடைத்தாலும், பேட்டரி சூடேறி விரைவில் சோர்ந்துவிடும். வடிகட்டியை நீங்களே கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று வாங்கும் முன்பே செய்து காட்டச் சொல்லுங்கள்.